மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே

பூம்பாறையில் என் மாணவி ஒருத்தி இருக்கிறாள். முதுகலையில் என்னிடம் சங்க இலக்கியம் படித்தவள், பி.எட். முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அம்மாவோடு படிக்கட்டு வயல்களில் பூண்டு நடுகிறாள். போன மே மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்த கையோடு அவள் அம்மா ஒரு பழைய நோட்டை என் முன் வைத்தார். பிள்ளை பிறந்த நேரத்தைத் தாத்தா எழுதிவைத்த நோட்டு.

"நீங்க படிச்சவங்க டீச்சர். இதுல நேரத்த கொஞ்சம் மாத்தி எழுதலாமான்னு சொல்லுங்க."

கதை இதுதான். ஊர்ச் சோதிடர் வாக்கியப் பஞ்சாங்கத்தை வைத்து எழுதிய ஜாதகப்படி அவள் மூலம், நாலாம் பாதம். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற பழமொழி தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? ஆனாலும் நாலாம் பாதமென்றால் மாமனாருக்கு ஆபத்தில்லை என்று ஒரு சலுகை உண்டாம். அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடமாக மாப்பிள்ளை தேடியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு பொறியாளர் அமைந்தார். சாதி சரியாக இருந்தது. (அதற்கப்புறம்தான் நட்சத்திரமே பேச ஆரம்பிக்கும்.) மாப்பிள்ளை வீட்டில் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டார்கள். அது திருக்கணிதம். அதில் அவள் மூலமே இல்லை. பூராடம், முதல் பாதம். மாமனார் பிழைத்தார். ஆனால் பூராடத்துக்கு வேறொரு பழமொழி காத்திருந்தது: "பூராடம் நூலாடாது." கழுத்தில் தாலி நிற்காது என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"நேரத்தைப் பின்னால இழுத்தா என்ன மேம்?" என்று மாணவியே சிரித்துக்கொண்டு கேட்டாள். "ஒரு நாளுக்கு மேல இழுத்தா கேட்டை வரும். மாப்பிள்ளையோட அண்ணன் செத்துருவாரு."

சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஒரு பாதத்துக்கு ஆறு மணி நேரம். பிறந்த நேரம் எல்லையில் விழுந்துவிட்டால், வாக்கியமும் திருக்கணிதமும் வேறுவேறு நட்சத்திரம் சொல்லக்கூடும். வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி போவது. திருக்கணிதம் வானத்தில் கண்ட நிலையோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட்டது. அறிவியல்படி திருக்கணிதம்தான் சரி. அதாவது, கணக்கைச் சரியாகப் போட்டதால் என் மாணவியின் குற்றப்பத்திரிகையில் ஒரே ஒரு மாற்றம் நடந்தது. மாமனாரைக் கொல்பவள் என்றிருந்த இடத்தில் புருஷனைக் கொல்பவள் என்று வந்தது.

அன்று அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை ஞாபகம் வந்தார்.

தமிழாய்வில் அவரைத் தாண்டாமல் யாரும் வர முடியாது. 1865இல் பிறந்தவர். கத்தோலிக்கர். சென்னையிலும் லண்டன் பல்கலைக்கழகத்திலும் சட்டப் பட்டம் பெற்றவர். அரசுப் பணியில் இருந்துகொண்டே வானக் கணிதத்தில் மூழ்கினார்; அவர் வானாய்வகத்து உத்தியோகஸ்தர் அல்ல. 1911இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூல், 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான நாள்காட்டி அட்டவணைகள், பல தொகுதிகளாக. ஒரு கல்வெட்டில் திதியும் கிழமையும் நட்சத்திரமும் இருந்தால் அது ஆங்கிலத் தேதியில் எந்த நாள் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கல்வெட்டு ஆய்வாளர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். பரிபாடலின் பதினோராம் பாட்டில் உள்ள கிரக நிலைகளைக் கணக்கிட்டு கி.பி. 634, ஜூன் 17 என்று அவர் சொன்னதும், சிலப்பதிகாரத்தை 756க்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் எத்தனை பேரைக் கொதிக்கவைத்தன! நானும் அவற்றை ஏற்கவில்லை. ஆனால் அவரை மறுப்பதற்கும் நம் கையில் பென்சிலும் கணக்கும் வேண்டியிருந்தது. அதை நான் மரியாதையோடுதான் சொல்கிறேன். திதியும் நட்சத்திரமும் பரம்பரைச் சொத்தாக இருந்த இடத்தில், கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் பார்க்கலாம் என்று அட்டவணையை விரித்துவைத்தவர் அவர்.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தின் தலைவரானார்; 1925இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். மாகாணத்தில் பெண்களுக்கு 1921லேயே ஓட்டு கிடைத்திருந்தது. உறுப்பினராகும் உரிமை கிடைக்கவில்லை. அவர் எழுந்து அமைதி காக்கச் சொன்ன அந்த அவையில் ஒரு பெண்கூட உட்கார்ந்திருக்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி உள்ளே வந்தது அவர் இறந்த பிறகுதான்.

இந்த மாதிரி வாழ்க்கையைப் பற்றி எழுதும்போதெல்லாம் நம்மவர்கள் மூன்று சொற்களை அடுக்குவார்கள்: சட்டம் படித்தவர், எழுத்தாளர், வானியல் ஆர்வலர். நான்காவதாக ஒன்று தானாக ஒட்டிக்கொள்ளும்: சீர்திருத்தவாதி. என் சண்டை அந்த நான்காவது சொல்லோடு. எதைத் திருத்தினார்கள்?

இந்த மூன்று சொற்களும் அச்சாகப் பொருந்தும் இன்னொருவரைப் பாருங்கள்: பால கங்காதர திலகர். சட்டப் பட்டதாரி, பத்திரிகையாளர். 1893இல் மிருகசீரிஷ மண்டலத்தை வைத்து வேதங்களின் காலத்தைக் கணிக்கும் 'ஓரியன்' எழுதினார். பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துப்போகவில்லை, திருத்தியே ஆகவேண்டும் என்று கடைசிவரை பாடுபட்டவர். மராட்டியத்தில் அவர் பெயராலேயே ஒரு பஞ்சாங்கம் உண்டு. பஞ்சாங்கச் சீர்திருத்தவாதி, சந்தேகமில்லை. 'ஓரியன்' வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1891இல், சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்தும் சட்டம் வந்தது. கல்கத்தாவில் புல்மணி என்ற சிறுமி, முப்பதைத் தாண்டிய கணவனின் உடலுறவால் இறந்துபோன பிறகு வந்த சட்டம் அது. திலகர் அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்நிய அரசு நம் மதத்தில் கைவைக்கக் கூடாதாம். பதினாறு வயதுக்குமுன் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதில்லை என்று நாமே உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாற்று யோசனையும் அவர் சொன்னதுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உறுதிமொழியை நம்பி எந்தச் சிறுமி பிழைத்தாள்? பால்ய விவாகத்தால் கட்டிவைக்கப்பட்ட கணவனோடு வாழ மாட்டேன் என்று நீதிமன்றத்தில் நின்ற ருக்மாபாயையும் அவருடைய பத்திரிகைகள் விடவில்லை.

ஆகாயத்தில் சில பாகை பிசகினால் தூக்கம் வராத மனிதருக்கு, அடுத்த அறையில் பத்து வயதுக் குழந்தை கத்துவது மத விவகாரமாகத் தெரிந்தது.

"அந்தக் காலம் அப்படி" என்று உடனே ஒரு குரல் எழும்பும். கருத்தரங்குகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் ருக்மாபாய் இருந்தார். வழக்கு முடிந்து லண்டன் போய் மருத்துவராகத் திரும்பினார். பண்டித ரமாபாய் விதவைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஆண்தான் வேண்டுமென்றால் நம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1889இல் கண்மூடுவதற்குமுன் பெண்கல்விக்காகவே நூல் எழுதிவிட்டுப் போனார். காலம் எல்லோருக்கும் ஒன்றுதான். பார்க்க விரும்பாதவர்களுக்கு மட்டும் அது சாக்காகிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர்: சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டுப் பழமைவாதிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே கழகம் பெண்களை முழு உறுப்பினராக்கத் தொடங்கியது 1916இல். கருப்பு ஆணுக்குத் திறந்த கதவு வெள்ளைப் பெண்ணுக்குத் திறக்க இன்னும் நாற்பத்து நான்கு வருடம் பிடித்திருக்கிறது.

அந்த வெள்ளைப் பெண்களில் ஒருத்தி பூம்பாறையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் வாழ்ந்தாள். 1899இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு 1907இல் கணவர் ஜான் எவர்ஷெட்டோடு வந்த மேரி. வருவதற்கு முன்பே தென்வான விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியவர். இங்கே சூரியச் சுடர்களைக் கவனித்துக் கணக்கெடுத்தார். 1917இல் ஆய்வகம் வெளியிட்ட சுடர்கள் பற்றிய ஆவணத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. தாந்தேயின் வானியலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் கொடைக்கானலில் இருந்த ஆண்டுகளில் வெளிவந்தது. சம்பளம் வாங்கியவர் கணவர். 1909இல் அவர் கண்ட விளைவுக்கு 'எவர்ஷெட் விளைவு' என்று பெயர். மேரியை எல்லோரும் அமெச்சூர் என்றார்கள். சட்டம் படித்த ஆணுக்கு அமெச்சூர் என்ற சொல் கூடுதல் மெடல். ஓய்வு நேரத்திலும் எவ்வளவு அறிவு பாருங்கள் என்று. பெண்ணுக்கு அதன் பொருள், கூலி கிடையாது என்பது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல், மேகநாத் சாகா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு போட்டார்கள். 1957இல் தேசிய நாள்காட்டி வந்தது. மறுபடியும் தேதிதான் திருந்தியது. மூலத்தில் பிறந்தவளின் மேல் இருக்கும் கொலைப்பழியை நீக்க எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை. ஆயில்யம் மாமியாருக்கு, கேட்டை மூத்தாருக்கு, விசாகம் கொழுந்தனுக்கு என்று வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் சாவுக்கும் ஒரு பெண் நட்சத்திரம் ஒதுக்கியிருக்கிறோம். இவன் நட்சத்திரத்தால் பெண்ணைப் பெற்றவள் போய்ச் சேர்ந்தாள் என்று எந்த மாப்பிள்ளையையாவது திருப்பி அனுப்பிய கதையை நான் கேட்டதில்லை. மென்பொருள் இதையெல்லாம் விகலை சுத்தமாகக் கணக்கிட்டுத் தருகிறது. நூற்றைம்பது வருடச் சீர்திருத்தத்தின் பலன், துல்லியமான நேரத்தில் ஒரு பெண் நிராகரிக்கப்படுவது.

நோட்டில் நேரத்தை நான் மாற்றவில்லை. அன்றிரவு மேகம் இல்லை. பதினோரு மணிக்கு மேல் மூவரும் வெளியே வந்தோம். தெற்கே மலைவிளிம்புக்கு மேல் விருச்சிகம் முழுதாக எழுந்திருந்தது. வாலைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். "அந்தக் கொடுக்கு இருக்கே, அதுதான் மூலம். இப்ப நாம பாக்குற வெளிச்சம் கிளம்பி ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆகுது."

அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இதுவா?" என்றார். "பூராடம் எது?"

இடப்பக்கம் கீழே காட்டினேன். அதையும் பார்த்தார். அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "பனி இறங்குது, பூண்டு நனையும். தார்ப்பாய எடுத்துட்டு வா" என்றார்.