ராஜு ஆப்பிரிக்காவுக்குப் போகத்தான் வேண்டுமா?

படம் முடிந்து கொட்டகையில் விளக்குப் போடும் நேரத்தில் கொடுத்த ஒரு வாக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிறைவேறாமல் நிற்கிறது.

1973-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி வெளிவந்தது 'உலகம் சுற்றும் வாலிபன்'. அதன் இறுதியில், எம்ஜியார் பிக்சர்ஸாரின் அடுத்த படம் 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அறிவிப்பு வரும். ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து என்று சுற்றி வந்த ராஜு அடுத்து ஆப்பிரிக்காவுக்குப் போகப் போகிறான் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். படம் வரவில்லை. 1972 அக்டோபர் 17-ல் தொடங்கிய புதிய கட்சி எம்.ஜி.ஆரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டது. 1977 ஜூன் 30-ல் அவர் முதல்-அமைச்சரானார். 1978-ல் வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' அவருடைய கடைசிப் படமாயிற்று. 1987 டிசம்பர் 24-ல் அவரும் மறைந்தார்.

வாக்கு மட்டும் மறையவில்லை. 2018 ஜனவரி 17-ல், எம்.ஜி.ஆரின் பிறந்த நாளன்று, 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' படத்தை அனிமேஷன் முறையில் தயாரிக்கப் போவதாகச் சென்னையில் விழா எடுத்து அறிவித்தார்கள். ரஜினிகாந்தும் கமல்ஹாசனும் அந்த விழாவில் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு அதே பிறந்த நாளில் படத்தை வெளியிடுவது என்பது திட்டம். அந்த நாள் வந்து போயிற்று, படம் வரவில்லை. 2021-ல் வந்தது பழைய 'உலகம் சுற்றும் வாலிபன்'தான். டிஜிட்டல் மெருகு ஏற்றப்பட்டு மறுபடியும் திரைக்கு வந்தது.

பழைய படம் திரும்பி வருவதும், அதன் இரண்டாம் பாகத்தைக் கம்ப்யூட்டரைக் கொண்டு தயாரிப்பதும் ஒன்றுதானா? முதலாவதற்குக் கை தட்டுகிறவர்கள் இரண்டாவதற்கும் கை தட்டியாக வேண்டுமா?

அல்சூரில் இரண்டு கட்சி

இந்தக் கேள்வி பெங்களூர் அல்சூரில் எழுவது வியப்பல்ல. சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளை அந்தப் பேட்டையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1809-ல் ஏற்பட்ட ராணுவக் கண்டோன்மெண்டையும் மதராஸ் சாப்பர்ஸ் படையையும் ஒட்டித் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியேறிய பகுதி அது. ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஜோகுபாளையத்திலும் மர்பி டவுனிலும் கௌதமபுரத்திலும் தமிழ்ப் பேச்சு கேட்கிறது. செயின்ட் ஜான்ஸ் சாலையிலுள்ள லாவண்யா தியேட்டர் தமிழ்ப் படங்களுக்கென்றே பெயர் பெற்றது.

இங்குள்ள பழைய ரசிகர்களில் ஒரு கட்சியார், வாத்தியார் சொன்ன சொல்லை யாராவது காப்பாற்றியாக வேண்டும் என்கிறார்கள். ஆள் இல்லை என்றால் என்ன, படம் வரைந்தாவது ராஜுவை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பட்டும் என்பது அவர்கள் வாதம். பேரப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள். அந்த வழியிலாவது எம்.ஜி.ஆரை அறிந்துகொள்ளட்டும் என்றும் சொல்கிறார்கள்.

மறு கட்சியாருக்கு இது பிடிக்கவில்லை. அவர் நடித்த படம் எத்தனை முறை வந்தாலும் டிக்கெட் வாங்கிப் பார்ப்போம், அவர் நடிக்காத படத்தில் அவர் முகம் எதற்கு என்று கேட்கிறார்கள்.

இரண்டு கட்சியிலும் அன்பு இருக்கிறது. ஆனால் நியாயம் இரண்டாவது கட்சியின் பக்கமே அதிகம்.

உடுப்பு இல்லாத வீரன்

வெளிநாட்டு சாகச வீரர்களை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். சூப்பர்மேன் 1938-ல் அமெரிக்கச் சித்திரக் கதையில் பிறந்தவன். 1978-ல் கிறிஸ்டோபர் ரீவ் அந்த வேடத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றார். 2006-ல் பிராண்டன் ரூத் அதே வேடத்தில் வந்தார். அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வரும் என்றார்கள், வரவில்லை. 2013-ல் ஹென்றி கேவில் வந்தார். 2025-ல் டேவிட் கொரன்ஸ்வெட் நடிப்பில் எல்லாமே புதிதாகத் தொடங்கியது. அதன் தொடர்ச்சி 2027-ல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய நடிகரே மேல் என்று ரசிகர்கள் ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவார்கள். ஆனாலும் நீல உடுப்பும் சிவப்புப் போர்வையும் மார்பில் எழுத்தும் இருந்தால் அவன் சூப்பர்மேன்தான். ஆள் மாறினாலும் வீரன் மாறுவதில்லை.

ராஜுவுக்கு அப்படி ஓர் உடுப்பு இல்லை. முகமூடி இல்லை. அவன் பறப்பதும் இல்லை. அண்ணன் முருகன் விஞ்ஞானி. மின்னலின் சக்தியைப் பிடித்துச் சின்னக் குப்பிக்குள் அடைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர். தம்பி ராஜு துப்பறியும் அதிகாரி. கதைப்படி அவ்வளவுதான். ஆனால் திரையில் ராஜு வந்ததும் எழுந்த விசில், ராஜு என்ற பாத்திரத்துக்காக எழுந்தது அல்ல. அல்சூரில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் "ராஜு அடித்தான்" என்று சொல்வதில்லை. "வாத்தியார் அடித்தார்" என்றுதான் சொல்வார்கள். நம்பியாரோடு மோதுவது வாத்தியார். ஓசாகா நகரத்து எக்ஸ்போ கண்காட்சியில் நடந்து வருவதும் வாத்தியார்.

அப்படியிருக்க, எம்.ஜி.ஆர். இல்லாத ராஜுவில் மிச்சம் என்ன? பெயர் மட்டும்தான். அந்தப் பெயருக்கு அவர் முகத்தை ஒட்டினால்தான் டிக்கெட் விற்கும் என்பது பட அதிபர்களுக்குத் தெரியும். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

குரலில் இருந்த தழும்பு

1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், பழைய குரல் போயிற்று. வேறொருவரைப் பேசவைத்துப் படத்தை முடித்திருக்கலாம். அந்தக் காலத்திலும் அதற்கு வழி இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. அதே ஆண்டு வெளிவந்த 'காவல்கார'னில் பாதிக்கப்பட்ட தம் சொந்தக் குரலிலேயே பேசினார். சொற்கள் தெளிவாகக் கேட்காத இடங்களிலும் ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 'உலகம் சுற்றும் வாலிபன்' முழுதும் கேட்பது அந்தக் குரல்தான்.

இன்று கம்ப்யூட்டரில் யார் குரலையும் வார்த்தெடுக்கலாம். எந்தக் குரலை வார்ப்பார்கள்? 'நாடோடி மன்ன'னின் கணீரென்ற குரலா, குண்டடிக்குப் பிந்திய குரலா? எதை எடுத்தாலும், பட்ட காயத்தோடு பிடிவாதமாகப் பேசிய மனிதன் அதில் இருக்க மாட்டான்.

குரலோடு விஷயம் முடிவதும் இல்லை. திரையில் தாம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில் எம்.ஜி.ஆரைப் போல் கண்டிப்பாக இருந்தவர்கள் சிலரே. குடிப்பதும் புகைப்பதும் தம் பாத்திரத்துக்கு ஆகாது என்று வைத்திருந்தார். வசனத்திலும் பாட்டிலும் தமக்கு உடன்பாடு இல்லாத கருத்து நுழைய விட்டதில்லை. 'உலகம் சுற்றும் வாலிப'னுக்கு அவரே தயாரிப்பாளர், அவரே டைரக்டர். அப்படிப்பட்டவர் வாயில் இனிமேல் வசனம் போடப் போவது யார்? ஒரு வரி பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்ல அவர் இல்லை. அவர் முகத்துக்கு இன்றும் ஓட்டு மதிப்பு உண்டு. சாகசப் படமாகத் தொடங்குவது பிரசாரப் படமாக முடியாது என்பதற்கு யார் ஜாமீன்?

ஓட்டு இல்லாதவர்களின் தலைவர்

அல்சூர் ரசிகருக்கு இதில் தனிப்பட்ட நஷ்டம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சராக இருந்தார். 1982-ல் அவர் தொடங்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம். அவரை நேசிக்கவும் குறை சொல்லவும் அவர்களுக்கு ஆட்சி என்ற ஒன்று இருந்தது. பெங்களூர்த் தமிழருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. அந்தச் சத்துணவும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது திரையில் வந்த எம்.ஜி.ஆர். ஒருவர்தான்.

1991 டிசம்பர் காவிரிக் கலவரம் போன்ற நாட்களில் தமிழில் உரக்கப் பேசவே அஞ்சிய குடும்பங்கள் இந்த ஊரில் இருந்தன. அப்படிப்பட்டவர்களுக்கு இருட்டுக் கொட்டகையில் கூடி உட்கார்ந்து ஒரே மொழியில் சிரித்துக் கைதட்டிய மூன்று மணி நேரம் சாதாரணப் பொழுதுபோக்கு அல்ல. அவர்களிடம் இருக்கும் ஒரே எம்.ஜி.ஆர். அந்தத் திரைப் பிம்பம். அதில் கலப்படம் செய்தால் அதிகம் இழப்பவர்களும் அவர்களே.

எல்லாக் கம்ப்யூட்டர் வேலையும் குற்றமா?

அப்படிச் சொல்வதும் நியாயமாகாது. இதே பெங்களூரில் 2021 அக்டோபர் 29-ல் புனித் ராஜ்குமார் காலமானார். அவர் நடித்து முடித்துக் குரல் கொடுக்காமல் போன 'ஜேம்ஸ்' படம் 2022 மார்ச் 17-ல் அண்ணன் சிவராஜ்குமாரின் குரலோடு வந்தது. பிறகு நவீன முறையில் புனித்தின் குரலையே அமைத்து அதே படத்தை மறுபடி வெளியிட்டார்கள். அது தவறாகத் தோன்றவில்லை. ஏனென்றால் நடிப்பு புனித்துடையது; அந்தப் பாத்திரத்தை ஒப்புக்கொண்டவர் அவர். அவர் பாதியில் விட்ட வேலையை முடித்துவைத்தார்கள், அவ்வளவே.

2014-ல் வந்த 'கோச்சடையா'னில் மறைந்த நாகேஷைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டினார்கள். 2024 செப்டம்பரில் வந்த 'கோட்' படத்தில் விஜயகாந்த் சில நிமிடங்கள் தோன்றினார். கொட்டகையில் கைதட்டலும் கிடைத்தது. ஆனால் மறைந்தவரை நினைத்துப் பார்க்கும் ஒரு காட்சி வேறு, அவரைக் கதாநாயகனாக்கி முழுப் படம் எடுப்பது வேறு. திதியன்று படத்துக்கு மாலை போடுகிற வீட்டார், அந்தப் படத்தைக் கடைக் கல்லாவில் உட்காரவைத்து வியாபாரம் செய்ய மாட்டார்கள்.

2023-ல் அமெரிக்காவிலும் இந்தச் சர்ச்சை எழுந்தது. 'தி ஃப்ளாஷ்' படத்தில், 2004-ல் இறந்துபோன கிறிஸ்டோபர் ரீவின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தார்கள். சூப்பர்மேனின் பரம ரசிகர்களிலேயே பலர் அதை ரசிக்கவில்லை. தாங்கள் விரும்பியவரை நினைவுபடுத்துகிறார்களா, பயன்படுத்திக்கொள்கிறார்களா என்று கண்டுகொள்ள ரசிகனுக்குத் தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது

பேரப் பிள்ளைகளைப் பற்றிய வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அல்சூரில் தமிழ் பேசத் தெரிந்தும் தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு எம்.ஜி.ஆரைக் காட்ட எம்.ஜி.ஆர். படமே இருக்கிறதே! மின்னலைக் குப்பியில் அடைக்கிற விஞ்ஞானி, 1970-ம் ஆண்டின் எக்ஸ்போ, வில்லனின் துரத்தல் எல்லாம் எந்த வயதுப் பிள்ளைக்கும் புரியும். நல்ல பிரதியை நல்ல கொட்டகையில், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வசனம் கீழே ஓடும்படி காட்டினால் பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தையும் சேர்ந்து பார்க்கும். 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டன. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை அந்தப் பரிமாற்றத்தால் வெளிச்சம் கண்டது. படங்களுக்கும் அந்தப் பரிமாற்றம் நடக்கட்டும்.

மறுவெளியீட்டுக்குக் கூட்டம் வராது என்பதும் பொய்த்துவிட்ட பேச்சு. 2012-ல் 'கர்ணன்' புதுப் பொலிவோடு வந்து நூறு நாள் ஓடியது. 2014-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' சென்னையில் வெள்ளிவிழாக் கண்டது. 1965-ல் வந்த படத்துக்கு 2014-ல் வெள்ளிவிழா! மூலப் படத்துக்கு மதிப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

காலம் மட்டும் காத்திருக்காது. பழைய வண்ணப் பிரதிகள் சாயம் மங்கிச் சிவந்து போகின்றன; நெகட்டிவ்கள் கெட்டுப் போகின்றன. கண்டோன்மெண்டில் லிடோ போயிற்று, பிளாசா போயிற்று, எல்ஜின் போயிற்று, ரெக்ஸும் போயிற்று. வராத படத்துக்காக ஏங்குகிற ரசிகர்கள், வந்த படங்களில் எத்தனை நல்ல நிலையில் மிஞ்சியிருக்கின்றன என்று கேட்க வேண்டும். கார்ட்டூனுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கு கிடைத்தால் அவற்றில் பலவற்றைக் காப்பாற்றலாம்.

அதற்கு மேலும் ராஜுவை அனுப்பியே தீருவோம் என்று பட அதிபர்கள் பிடிவாதம் பிடித்தால், இது சித்திரப் படம் என்று ஒளிக்காமல் சொல்லட்டும். பேசுகிறவர் யாரோ அவர் பெயரைத் திரையில் போடட்டும். அசல் போலவே தோன்றும் போலி முகமும் வார்த்தெடுத்த குரலும் வேண்டாம். நல்ல கோடு வரைகிற ஓவியனின் ராஜுவை ரசிகர்கள் ரசித்தாலும் ரசிக்கலாம். அதை வாத்தியார் என்று நம்பச் சொல்லக் கூடாது.

ஆப்பிரிக்காப் படத்தை அறிவித்தவர் எம்.ஜி.ஆர். கட்சிக்கும் ஆட்சிக்கும் போய், அதை எடுக்காமல் விட்டவரும் அவரே. ரசிகர்கள் அதற்காக அவரிடம் கோபித்துக்கொண்டதில்லை. அவர்களே தள்ளுபடி செய்துவிட்ட கடனை, அவர் பெயரைச் சொல்லி அவர்களிடமே டிக்கெட் விற்று அடைக்க வேண்டியதில்லை.