கணிப்பொறிப் பெட்டிக்கும் மதிப்பெண் போடுவோம்



கணிப்பொறி வாங்கச் செல்கிறவர்கள் கடைக்காரரிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நினைவகம் எவ்வளவு, செயலியின் வேகம் என்ன, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். இவை யாவும் குடியிருக்கும் பெட்டியைப் பற்றி மட்டும், "பார்க்க நன்றாக இருக்கிறதா?" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். கடைத்தெருவில் 'கேபினெட்' என்று வழங்கும் அந்த இரும்புப் பெட்டியைப் பலர் 'சி.பி.யூ.' என்றே அழைக்கிறார்கள். சி.பி.யூ. என்பது உள்ளே இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும் செயலி மட்டுமே. பெட்டிக்கென்று ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை. பிறகு மதிப்பு எங்கிருந்து வரும்?

தரங்கம்பாடிக் கடற்கரையில் வாழும் ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் நான் இந்தப் பெட்டிக்காக வாதாட வந்திருக்கிறேன். எங்களைப் போன்ற கடலோர ஊர்களில் ஒரு கணிப்பொறி நான்கு ஆண்டு உழைக்குமா, எட்டு ஆண்டு உழைக்குமா என்பதில் பெட்டிக்கும், அதை நாம் நடத்தும் விதத்துக்கும் பெரும் பங்கு உண்டு. சொந்தமாகக் கணிப்பொறி வாங்க இயலாத மாணவனுக்குப் பள்ளிக் கணிப்பொறிதான் ஒரே வழி. எனவே இது அழகு பற்றிய பேச்சன்று.

பெட்டியின் கதை

மேசைமேல் நிற்கும் நடுத்தர அளவுப் பெட்டியை 'மிட் டவர்' என்பார்கள். உயரம் ஏறத்தாழ 45 செ.மீ., அகலம் 20 செ.மீ.க்குச் சற்று மேல். இதன் உள்ளமைப்பு 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்த 'ஏ.டி.எக்ஸ்.' என்ற அளவுமுறையைப் பின்பற்றுகிறது. தாய்ப்பலகையின் நீளம் 305 மி.மீ., அகலம் 244 மி.மீ.; திருகாணித் துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். இதனால் ஒரு நிறுவனத்தின் பெட்டியில் மற்றொரு நிறுவனத்தின் பலகை பொருந்துகிறது. செயலியும் நினைவகமும் பழசாகிப் போனாலும் பெட்டியை எறிய வேண்டியதில்லை. புதிய பலகையை அதிலேயே பூட்டலாம். நல்ல பெட்டி ஒன்று இரண்டு மூன்று கணிப்பொறிகளுக்கு வீடாக இருக்கும். ஒருமுறை கவனித்து வாங்கினால் பல ஆண்டு பயன் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

பெட்டியின் முதல் வேலை: காற்று

பள்ளியில் பயன்படும் சாதாரணக் கணிப்பொறி ஒன்று 100 வாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றல் எங்கே போகிறது? கணக்குப் போட்டாலும் பாட்டுப் பாடினாலும் இறுதியில் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. அதாவது விநாடிக்கு 100 ஜூல் வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து வெளியேற்ற வேண்டும்.

உள்ளே செல்லும் காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடேறி வெளியே வருவதாகக் கொள்வோம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1 ஜூல் தேவை. ஆகவே விநாடிக்கு 10 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.15 கிராம். வகுத்துப் பாருங்கள்: விநாடிக்குக் கிட்டத்தட்ட 9 லிட்டர்! 18 லிட்டர் கொள்ளும் பெரிய குடம் ஒன்றை நினைத்துக்கொண்டால், இரண்டு விநாடிக்கு ஒரு குடம் காற்று அந்தப் பெட்டிக்குள் புகுந்து வெளியேற வேண்டும். சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்த பெட்டியும், மேசையின் மர அறைக்குள் செருகிவைத்த பெட்டியும் ஏன் திணறுகின்றன என்பது இப்போது விளங்கும்.

இனிக் கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பாருங்கள். சிலவற்றின் முகப்பு முழுக் கண்ணாடி. உள்ளே வண்ண விளக்குகள். மீன் தொட்டி போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று மின்விசிறிகள் இருந்து என்ன பயன்? அவை எங்கிருந்து மூச்சு விடும்? 2020-இல் கோர்சேர் நிறுவனம் '4000டி' என்ற நடுத்தரப் பெட்டியை இரு வடிவங்களில் வெளியிட்டது. இரண்டுக்கும் உடல் ஒன்றே. ஒன்றின் முகப்பு மூடிய தகடு. 'ஏர்ஃபுளோ' என்ற மற்றொன்றின் முகப்பு நெருக்கமான துளைகளிட்ட தகடு. மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது ஆய்வகத்தில் நீங்கள் கற்கும் முறைதானே? மூடிய முகப்புள்ள பெட்டியில் காற்று பக்கவாட்டு இடுக்குகள் வழியே வளைந்து நெளிந்து நுழைய வேண்டும். துளைத்தகட்டில் நேரே நுழைகிறது. அத்தகைய விலையுயர்ந்த பெட்டி நம் பள்ளிக்குத் தேவையில்லை. அது கற்பிக்கும் பாடம் தேவை. முகப்பில் துளைத்தகடு உள்ள எளிய பெட்டிகளும் கிடைக்கின்றன.

மின்விசிறியிலும் ஒரு நுட்பம் உண்டு. 80 மி.மீ. விசிறிக்குப் பதில் 120 மி.மீ. விசிறி பொருத்தினால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. அதே அளவு காற்றை மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடலாம், இரைச்சலும் குறையும்.

"துளையிட்டால் உள்ளேயிருந்து வானொலி அலைகள் கசியாதா?" என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. உலோகக் கூண்டு மின்காந்த அலைகளைத் தடுக்கும் என்பதற்கு வழிகாட்டிய சோதனையை மைக்கேல் ஃபாரடே 1836-இல் செய்து காட்டினார். செயலியின் அதிர்வெண் 3 கிகா ஹெர்ட்ஸ் என்றால் அந்த அலையின் நீளம் 10 செ.மீ. இரண்டு மூன்று மி.மீ. துளை வழியே அத்தனை நீண்ட அலை எளிதில் நழுவ முடியாது. காற்று மட்டும் தாராளமாகப் போய்வரும். பெரிய கண்ணாடிப் பலகைக்கோ இந்தத் தடுக்கும் குணம் இல்லை.

எங்கள் ஊர்க் காற்று

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொது. எங்கள் ஊருக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தரங்கம் என்றால் அலை. அலை உடையும்போது நீருக்குள் சிக்கிய காற்று குமிழ்களாக மேலே வந்து வெடிக்கிறது. ஒவ்வொரு குமிழும் வெடிக்கையில் நுண்ணிய உப்புநீர்த் துளிகள் தெறிக்கின்றன. நீர் ஆவியாகிவிட, உப்புத் துகள் காற்றில் மிதந்து ஊருக்குள் வருகிறது. 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அந்தக் கடற்கரைத் தெருக்களில் நடந்து சன்னல் கம்பிகளையும் கதவின் கீல்களையும் தொட்டுப் பாருங்கள். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பது கையிலேயே ஒட்டிக்கொள்ளும். கடலுக்கு எதிர்ப்பக்கம் வயல்கள். சம்பா அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் பதரும் பறக்கும். எங்கள் கணிப்பொறிகள் உப்பையும் தூசியையும் சேர்த்தே மூச்சு விடுகின்றன.

ஆகவே முகப்புத் துளைத்தகட்டுக்குப் பின்னால், கழற்றிக் கழுவக்கூடிய வலை வடிகட்டி ஒன்று இருப்பது கட்டாயம். உள்ளே இழுக்கும் விசிறிகளின் வலு, வெளியே தள்ளும் விசிறியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போது பெட்டிக்குள் அழுத்தம் சிறிது உயர்ந்திருக்கும். இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமேயன்றித் தூசி நுழையாது. வடிகட்டி தூசியைப் பெரிதும் பிடித்துவிடும். நுண்ணிய உப்பு ஓரளவு தப்பிவிடும்.

தப்பிய உப்பு என்ன செய்கிறது? இங்கேதான் வியப்பான செய்தி இருக்கிறது. உலர்ந்த உப்பு இரும்புக்குப் பெரிய பகை அன்று. சோடியம் குளோரைடு ஓர் ஈரம் கசியும் பொருள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அது காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடுகிறது. அந்தக் கரைசல் ஒரு மின்பகுளி. தகட்டில் துருவும், தாய்ப்பலகையின் நுண்ணிய தாமிரத் தடங்களில் அரிப்பும் அதற்குப் பின்பே விரைவாகின்றன.

இப்போது ஒரு கணக்கு. அறையின் வெப்பநிலை 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்க. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். இப்போது அதில் இருப்பது 24 கிராம். கணிப்பொறி ஓடுகிறது, உள்ளே 40 டிகிரி. அந்த வெப்பநிலையில் காற்று 51 கிராம் வரை தாங்கும். நீராவி அதே 24 கிராம்தான். ஆகவே பெட்டிக்குள் ஒப்பு ஈரப்பதம் சுமார் 47 விழுக்காடாக இறங்கிவிடுகிறது! உப்பு உலர்ந்து கிடக்கிறது. கடல் உப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது இதனினும் குறைந்த ஈரத்திலேயே கசியும். எனவே அரிப்பு அறவே நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை, வெகுவாகக் குறையும்.

அணைத்து வைத்த கணிப்பொறியின் நிலை என்ன? உள்ளேயும் 30 டிகிரி, உள்ளேயும் 80 விழுக்காடு. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் அதற்கும் மேல். உப்பு இரவு பகலாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

பூட்டுக்கு எதிராக ஒரு சொல்

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். கடலோரப் பள்ளிகளில் கணிப்பொறி அறையைப் பூட்டி, பொறியின் மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டு, "பத்திரமாக" வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். பூட்டியவரைக் குறைகூற மனம் வரவில்லை. பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியது. பழுதானால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருடைய அச்சம் நியாயமானதே. ஆனால் இயற்பியல் அவர் பக்கம் இல்லை. பயன்படுத்தினால் கெட்டுவிடும் என்று பூட்டி வைக்கிறார். எங்கள் ஊரிலோ பூட்டி வைப்பதே கெடுக்கிறது. நாள்தோறும் சில மணி நேரம் ஓடும் கணிப்பொறி தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. மாணவர்களின் கைபட்டுத் தேய்வதைவிட ஆளில்லாத அறையில் துருப்பிடிப்பது எந்த வகையில் சிக்கனம்?

இன்னொன்றும் உண்டு. பெட்டியைத் திறக்க வேண்டும். 2011 முதல் தமிழக அரசு பல ஆண்டுகள் விலையில்லா மடிக்கணினிகளை மாணவர்களுக்கு வழங்கியது. அது பலருக்குக் கதவைத் திறந்தது. ஆனால் மடிக்கணினியைத் திறந்து பார்ப்பது எளிதன்று. மேசைக் கணிப்பொறியின் பெட்டியோ பின்புறமுள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றியவுடன் பாடப்புத்தகம் போல விரிகிறது. விசிறி, செயலியின் மேலுள்ள வெப்பத்தகடுகள், மின் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, நினைவகம் எல்லாம் கண்முன்னே.

பருவத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே அதைத் திறந்து துப்புரவு செய்யலாம். மின்செருகியை முதலில் பிடுங்கிவிடுங்கள். சில நிமிடம் காத்திருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பலகையைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். வடிகட்டியைக் கழற்றி நல்ல நீரில் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டுங்கள். பெட்டியின் வெட்டுவிளிம்புகளையும் பாருங்கள். தகட்டில் பூசிய துத்தநாகம், தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் தியாகி. அது தீர்ந்த இடத்தில்தான் செந்நிறத் துரு தலைகாட்டும். வேதியியல் பாடத்தில் படித்ததை அங்கே நேரில் காண்பீர்கள்.

மதிப்பெண் பட்டியல்

பெட்டிக்கு நான் நூற்றுக்கு மதிப்பெண் போடுவது இப்படி. முகப்பில் துளைத்தகடு: 30. கழற்றிக் கழுவும் வடிகட்டி: 25. துத்தநாக முலாமும் முழு வண்ணப்பூச்சும், கையைக் கீறாத மடித்த விளிம்புகளும்: 20. முன்னும் பின்னும் 120 மி.மீ. விசிறிகளுக்கு இடம்: 15. திருப்புளி ஒன்றே போதும் என்னும்படி எளிதில் திறப்பது: 10. கண்ணாடிக்கும் வண்ண விளக்குக்கும் சுழியம். உங்கள் ஊர் மலையடிவாரமாக இருந்தால் துருவுக்குரிய மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளலாம்; ஊருக்கேற்பப் பட்டியல் மாறட்டும்.

அயல்நாட்டுப் பொறியை ஊருக்கேற்ப மாற்றிக்கொள்வது எங்களுக்குப் புதிதன்று. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. தாளை மிகுதியாக விழுங்கின. சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அருகிலுள்ள பொறையாற்றில் தாள் ஆலையும் அமைத்தார்கள். வந்ததை வந்தபடியே வைத்துக்கொண்டு தாள் போதவில்லை என்று அழுதுகொண்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறைக்குச் செல்லும்போது ஒரு காகிதத் துண்டைப் பெட்டியின் முகப்பருகே பிடித்துப் பாருங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டால் பெட்டி மூச்சு விடுகிறது. அசையாமல் நின்றால் ஆசிரியரிடம் சொல்லித் திருப்புளியைக் கேளுங்கள். அறையே பூட்டிக் கிடந்தால், மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பணிவோடு பாருங்கள். கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.