மழைநாளும் மழலையர் விளையாட்டும்



2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாளை நம் விழுப்புரம் வட்டார மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அன்றிரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து அகலாமல் நெடுநேரம் நின்று பொழிந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையேயுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் இரயில்களும் நின்றன. ஏழை எளியவர் பலர் வீட்டையும் பயிரையும் இழந்து தவித்தனர். கூரை தப்பிய எங்களுக்கோ பள்ளி விடுமுறையும் மின்தடையுமே பெருந்துன்பமாய்த் தோன்றின. அந்நாட்களில் வளவனூரில் என் மகள் இல்லத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இம்மாதம் உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருவர். மூத்தவள் ஒன்பது வயதினள், இளையவன் ஆறு வயதினன். முதல்நாள் முழுவதும் கைப்பேசிக்காகச் சண்டை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் முதல் நாளன்றுதானே மீண்டும் திறக்கப்பட்டன? பாடத்திற்கென்று அப்போது வீட்டிற்குள் வந்த கைப்பேசி, பாடம் முடிந்த பின்னும் வெளியேறவில்லை. புயலன்று மின்சாரம் இல்லாமையால் அதுவும் உயிரற்றுக் கிடந்தது. பிள்ளைகள் அழுதனர்; சுவரில் சாய்ந்து சோர்ந்தனர். பிறகு மெல்ல எழுந்தனர்.

மறுநாள் காலை கூடத்து நாற்காலிகள் வரிசையாக நின்று புதுச்சேரி இரயிலாயின. புளியங்கொட்டையே காசு, பழைய நாட்காட்டித் தாளே பயணச்சீட்டு. விழுப்புரத்தில் புறப்பட்ட வண்டி வளவனூர், சின்னபாபுசமுத்திரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்றது. வில்லியனூரில் மட்டும் சற்றுக் கூடுதலாக நின்றது. காரணம் கேட்டேன். “லூர்து மாதாவைக் கும்பிட வேண்டாமா பாட்டி?” என்றான் வண்டியோட்டி. வெளியே இரயில்கள் நின்றிருந்த வேளையில் எங்கள் கூடத்தில் ஓர் இரயில் தடையின்றி ஓடிற்று.

மூன்றாம் நாள் மாலை வீடு வழக்கத்திற்கு மாறாக அமைதியாயிருந்தது. எட்டிப் பார்த்தேன். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில், வெள்ளைக் கைக்குட்டை சுற்றிய பொம்மை ஒன்று படுத்திருந்தது. மூத்தவள் முக்காடிட்டு விசும்பினாள். இளையவன் வெள்ளைத் துண்டைத் தோளில் அணிந்து, செபம் முணுமுணுத்து, பூந்தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் பெட்டியின்மேல் இட்டான்.

என் மகள் அதைக் கண்டு பதறிவிட்டாள். “வீட்டுக்குள் பிணம் வைத்தா விளையாடுகிறீர்கள்?” என்று கையை ஓங்கினாள். நான் அவள் கையைப் பற்றிக்கொண்டு, “பெட்டியில் இருப்பது யார், கண்ணா?” என்று கேட்டேன்.

“தாத்தா. அன்னிக்கு என்னை மண் போட விடலியே, பாட்டி.”

அவ்வாண்டு கோடையில்தான் என் கணவர் இறைவனடி சேர்ந்தார். பிள்ளை அஞ்சுவான் என்றெண்ணி அடக்கத்தின்போது அவனை அடுத்த வீட்டிற்கு அனுப்பி வைத்தவள் நானே. கல்லறைத் திருநாளுக்கும் அவனை அழைத்துச் செல்லவில்லை. அவன் எதுவும் கேட்டதில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. தன் துயரை வைப்பதற்கு ஓர் இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை; விளையாட்டில் அதைத் தானே அமைத்துக்கொண்டான். நானும் ஒரு பிடி மண் இட்டேன். சற்று நேரம் நின்ற என் மகளும் இட்டாள். மூவர் கண்களும் நனைந்திருக்க, எல்லாரும் சேர்ந்து பரலோக மந்திரம் சொன்னோம். வெள்ளம் வடிந்தபின் முதல் வேலையாக அவனைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன்.

அன்றிரவு விவிலியத்தைத் திறந்தேன். மத்தேயு நற்செய்தி 11-ஆம் அதிகாரத்திலும் லூக்கா 7-ஆம் அதிகாரத்திலும், சந்தை வெளியில் குழல் ஊதித் திருமணமும், ஒப்பாரி வைத்து இழவும் விளையாடும் சிறுவரை நம் ஆண்டவர் உவமையாக்குகிறார். ஆடவும் வராமல் அழவும் வராமல் நின்றவர்களுக்கே அவர் தம் தலைமுறையினரை ஒப்பிட்டார். சிறுவர் இழவு விளையாடியதை அவர் குறை கூறவில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அவிலா நகரப் புனித தெரேசம்மாள் சிறுமியாயிருந்தபோது தம் சகோதரனோடு தோட்டத்தில் கற்களை அடுக்கித் துறவியர் குடில் கட்டி விளையாடினார். கற்கள் சரிந்து விழுந்துகொண்டேயிருந்தன. லிசியே நகர்க் குழந்தை தெரேசம்மாளும் ஒன்றுவிட்ட சகோதரியுடன் தவமுனிவர் விளையாட்டு ஆடியவரே. நம் பழந்தமிழ் நூலாகிய பட்டினப்பாலையும் குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் முக்கால் சிறுதேரைக் காட்டுகிறது. இல்லாத குதிரையை உள்ளதாகக் காண்பதன்றோ விளையாட்டின் உயிர்! ருஷ்ய உளநூலறிஞர் வைகாட்ஸ்கியும் 1933-இல் இதையே ஆராய்ந்தார். ஒரு கோலைக் குதிரையாகக் கொள்ளும்போது, கண்முன் உள்ள பொருளைக் கடந்து எண்ணும் ஆற்றல் குழந்தையிடம் வளர்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

பெற்றோரே, தாயமும் பல்லாங்குழியும் நல்லவையே. ஆயினும் அவற்றிற்கு விதிகள் முன்னரே உண்டு. அம்மா அப்பா விளையாட்டு, பள்ளிக்கூட விளையாட்டு, பூசை விளையாட்டு ஆகியவற்றிலோ பிள்ளைகளே விதி செய்கின்றனர். அதற்கு விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டுவதில்லை. பழஞ்சேலை, அட்டைப்பெட்டி, சொப்பு, கொட்டாங்குச்சி போதும். தீக்குச்சி, மின்கம்பி, கிணற்றடி ஆகியவற்றில் மட்டும் விழிப்பாயிருங்கள். விளையாட்டை நீங்களே நடத்த முற்படாதீர்கள். அழைத்தால் மட்டும் பயணியாக ஏறிக்கொள்ளுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம் என்று 2019-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியது. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 31-ஆம் பிரிவில் கூறுகிறது. நம் வீடுகளில் அவ்வுரிமையைப் பறிப்பது பெரும்பாலும் நம் அவசரமே. பிள்ளைகள் ‘சும்மா இருக்கிறோம்’ என்று சிணுங்கும் அந்தச் சிறுபொழுதைப் பொறுத்துக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. உடனே கைப்பேசியை நீட்டிவிடுகிறோம்.

அடுத்த மழை வரும். கதவடைத்த வீட்டில் பிள்ளைகள் எதையேனும் விளையாடுவர். அது உங்களுக்கு அபசகுனமாகத் தோன்றினும், கையை ஓங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது யார், கண்ணா?”

சிறுவரைத் தம்மிடம் வரவிட்ட ஆண்டவர், அவர்கள் சொல்லும் மறுமொழியைக் கேட்கும் பொறுமையை நமக்கு அருள்வாராக.