கம்ப்யூட்டருக்குக் கண்ணேறா?

பழைய கம்ப்யூட்டர் எழும்புகிறது, பாதியில் அணைகிறது, மறுபடியும் தானே எழும்புகிறது. உடனே "கண்ணேறு பட்டது, கிரகம் சரியில்லை" என்று எலுமிச்சம்பழம் நறுக்குகிறார்களே, இவர்கள் புத்தியை யாரிடம் அடகு வைத்தார்கள் என்று கேட்கிறோம்.

ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் பூசியவர்கள், மற்ற 364 நாளில் ஒரு நாளாவது அதன் விசிறித் தூசியைத் துடைத்ததுண்டா? விசிறி அடைத்தால் சூடேறும். சூடு மிஞ்சினால் அணையும். மின்சாரத்தைத் துண்டித்துத் திறந்து துடையுங்கள். ரேமைக் கழற்றி மாட்டுங்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். 2000ஐ ஒட்டிச் செய்தவற்றில் ஏராளமானவை, உள்ளிருந்த திரவத்தின் குறையால் இப்படிக் கெட்டன. சனி பார்த்துக் கெட்டதல்ல. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியாயின், எஃப்8 பொத்தானை அழுத்தித் தானே மறுபடி எழும்புவதை நிறுத்துங்கள்; பெரும்பாலும் நீலத்திரையில் பிழையின் எண் நிற்கும். இயந்திரமே காரணத்தை எழுதிக் காட்டும்போது ஜோசியனுக்குத் தட்சணை எதற்கு?

கூலிக்காரன் தன் மகள் படிக்க வாங்கிய இயந்திரத்தைத் "தலைவிதி" என்று மூலையில் போட்டால், படிப்பு கெடுவது யாருக்கு? தட்சணை வாங்கியவனுக்கா?

காரணமின்றிக் காரியமில்லை. இயந்திரத்திடம் "ஏன்?" என்று கேட்கத் துணிந்தவர்கள், ஜாதியையும் சாஸ்திரத்தையும் அவ்விதமே கேட்கட்டும்!