விஸ்கித் தீவு யாத்திரை

வெளிதேசப் பிரயாணம் செய்யும் நமது கனவான்களிடையே ஒரு புது மோகம் தலைகாட்டியிருக்கிறது. லண்டன் மாநகரைப் பார்ப்பதும், பாரிஸில் இரண்டு நாள் உலாவுவதும் பழைய கதையாகிவிட்டன. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலா என்றொரு தீவு இருக்கிறது. அங்குள்ள சாராய ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று ஒரு வாய் ருசித்துவிட்டுத் திரும்புவதற்கென்றே ஐந்தாறு நாள் யாத்திரைக்குத் திட்டம் வகுக்கிறார்கள். எந்த விமானம், எந்த ஹோட்டல், எத்தனை மணிக்கு எந்த ஆலை என்று அட்டவணை போட்டாகிறது. மதுவிலக்கில் பற்றுள்ள ஒரு பத்திரிகை இதைப் பற்றி என்ன எழுதும் என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். அந்த ஊகம் பாதிதான் சரி. போகிறவர்கள் போகட்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் போனவர்கள் எதைப் பார்த்தார்கள், திரும்பி வந்து இங்கே என்ன பிரசாரம் செய்கிறார்கள் என்பதில் நமக்கு விவகாரம் உண்டு.

வழி சுலபமானதன்று. சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகாயப் பிரயாணம். அல்லது துபாயில் இறங்கி வேறு விமானம் ஏறி நேரே கிளாஸ்கோவுக்குப் போகலாம். கிளாஸ்கோவிலிருந்து ஐலாவுக்குச் சிறு விமானம் முக்கால் மணியில் போய்ச் சேரும். மூடுபனி இறங்கிவிட்டால் அது புறப்படாது. அதை நம்பாதவர்கள் பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் சென்று, கென்னகிரேக் துறையில் கப்பல் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கடலில் போக வேண்டும். காற்று பலமானால் கப்பலும் நின்றுவிடும். ஆகவே திரும்பும் நாளுக்கும் லண்டன் விமானத்துக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடாதவன் பணத்தை இழப்பான். ஹோட்டல்கள் சொற்பம். மே மாதக் கடைசியில் அங்கே நடைபெறும் இசையும் விஸ்கியும் கலந்த விழாவின்போது அறை வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே எழுதிப் போட வேண்டும். போர்ட் எல்லன் என்னும் ஊரிலிருந்து லாப்ராய்க், லாகாவுலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்று ஆலைகளுக்கும் நடைபாதை இருக்கிறது; மூன்றும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் அடங்கும். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆலைக்காரர்களே அவன் பங்கைச் சிறு புட்டியில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அறைக்குப் போய்க் குடிக்கட்டும் என்று.

ஆலைக்குள் காண்பது உண்மையிலேயே ஒரு நேர்த்தியான கைத்தொழில். அதை மறுப்பது நேர்மையாகாது. வாற்கோதுமையை நனைத்து முளைகட்ட விடுகிறார்கள். முளைத்ததைச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்த புல்மட்கின் புகையில் உலர்த்துகிறார்கள். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும் அந்த மட்கின் புகைதான் தீவின் விஸ்கிக்கு மருந்துக்கடை வாடையைக் கொடுக்கிறது. பிறகு அரைத்து, வெந்நீரில் கரைத்து, புளிக்கவிட்டு, செப்புக் கொப்பரைகளில் இருமுறை காய்ச்சி வடிக்கிறார்கள். வடித்ததை ஓக் மரப் பீப்பாயில் ஸ்காட்லாந்து மண்ணிலேயே மூன்று வருஷமாவது வைத்திருக்க வேண்டும்; நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத வீரியம் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்காட்ச் என்ற பெயரைத் தொடக்கூடாது. இது 2009-ம் வருஷத்துச் சட்டம். ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கியை 2012 முதல் ஸ்காட்லாந்திலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்றும் ஆகிவிட்டது. தன் சரக்கின் பெயரை ஒரு சிறு நாடு இப்படிக் காவல் காக்கிறது. நமது நாட்டிலோ கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு வர்ணமும் வாசனையும் சேர்த்து, அதற்கும் விஸ்கி என்றே சீட்டு ஒட்டி விற்க முடிகிறது.

இதுவரை யாத்திரிகர்கள் நம்மோடு உடன்படுவார்கள். வழிகாட்டி சொல்லாத விஷயங்கள் இனித்தான் வருகின்றன.

அந்த ஆலைகள் யாருடையவை? லாகாவுலினும், கல் ஈலாவும், 1983-ல் மூடி 2024-ல் மறுபடி திறந்த போர்ட் எல்லன் ஆலையும் லண்டனிலுள்ள டியாஜியோ கம்பெனிக்குச் சொந்தம். ஆர்ட்பெக் பிரெஞ்சு முதலாளிகளிடம் இருக்கிறது. லாப்ராய்க், பௌமோர் இரண்டும் ஜப்பானியக் கம்பெனியின் கையில். புருக்லாடியை 2012-ல் மற்றொரு பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிவிட்டது. 2005-ல் ஆரம்பித்த கில்ஹோமன் ஒரு குடும்பத்தின் பொறுப்பில், தன் வயலிலேயே வாற்கோதுமை விளைவித்து நடந்து வருகிறது. மதுவின் மீது விதிக்கும் தீர்வை லண்டன் கஜானாவுக்குப் போகிறது. எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து பார்லிமெண்டுக்குக்கூட அதை விதிக்கும் அதிகாரம் கிடையாது. தீவுவாசிகள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுமார் 15 ஆயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். பஞ்சமும் நிலச்சுவான்தார்களும் அவர்களைக் கடல் கடந்து கானடாவுக்கும் பிற தேசங்களுக்கும் துரத்தினார்கள். புட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை கேலிக் பாஷை. லாகாவுலின் என்றால் ஆலைப் பள்ளம் என்று அர்த்தம். பெயர் உலகமெல்லாம் போகிறது. பாஷையோ தீவின் இளைஞர் வாயிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. அதற்கு உத்தியோக அந்தஸ்துத் தரும் சட்டம் 2025-ல்தான் நிறைவேறியது. சொந்த மண்ணின் பொருள் உலகப் புகழ் பெற்றும் அதன் லாபமும் வரியும் வெளியே போவது எப்படிப்பட்ட நிலை என்பதை நமது நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1725-ல் முளைகட்டிய தானியத்தின் மீது லண்டன் பார்லிமெண்டு வரி விதித்தபோது கிளாஸ்கோவில் கலகமே மூண்டது. பிறகு நூறு வருஷ காலம் மலைப்பள்ளத்தாக்குகளில் திருட்டுக் கொப்பரை வைப்பது தேசபக்திக்குச் சமானமாக நினைக்கப்பட்டது. (ஸ்காட்டியரின் மகாகவி பர்ன்ஸே 1789 முதல் தீர்வை இலாகா உத்தியோகஸ்தராக இருந்தார் என்பது வேடிக்கை.) இதை நமது உப்பு சத்தியாக்கிரகத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பு ஏழைக்கு உணவு. சாராயம் ஏழையின் உணவைப் பறிப்பது. ஒப்பீடு பொருந்தாது.

இப்போது நமது விவகாரத்துக்கு வருவோம். அங்கே போய் வந்தவர்கள் சொல்லும் வாதம் இது: "பாருங்கள், அங்கே நாகரிகமாகக் குடிக்கிறார்கள். ஒளிவு மறைவு இல்லை. நல்ல சரக்கை நியாய விலைக்குக் கொடுத்தால் ஜனங்கள் அளவோடு குடிப்பார்கள். நமது தேசத்தில்தான் வரியைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்." இந்த வாதத்துக்கு மறுப்புக் கூற நாம் காந்தியடிகளை அழைக்க வேண்டாம். ஸ்காட்லாந்து பார்லிமெண்டே மறுத்திருக்கிறது. குடியினால் தன் ஜனங்கள் மடிவதைக் கண்டு, மதுவை ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே யாரும் விற்கக்கூடாது என்று அது 2012-ல் சட்டம் இயற்றியது. விஸ்கி வியாபாரிகள் சங்கம் ஐந்து வருஷம் கோர்ட்டுக்குக் கோர்ட்டு வழக்காடிற்று. 2017 நவம்பரில் லண்டன் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2018 மே மாதம் 1-ந் தேதி, பத்து மில்லிலிட்டர் சுத்தச் சாராயத்துக்கு 50 பென்ஸ் என்று அமலாயிற்று. 2024 செப்டம்பரில் அது 65 பென்ஸாக உயர்ந்தது. கணக்குப் பார்த்தால், 700 மில்லிலிட்டர் கொண்ட சாதாரண விஸ்கிப் புட்டியை அங்கே 18 பவுன் 20 பென்ஸுக்குக் குறைத்து விற்க முடியாது. 2014 டிசம்பரில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்கான அளவையும் நூறு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்தார்கள். நாகரிகமாகக் குடிக்கும் தேசத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு?

தன் ஜனங்களுக்கு விலையை ஏற்றிய அதே தேசத்தின் சரக்குக்கு நாம் வரியைக் குறைக்கிறோம். 2025 ஜூலை 24-ந் தேதி கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தின்படி, ஸ்காட்ச் விஸ்கியின் மீதான நமது சுங்கவரி 150 சதவிகிதத்திலிருந்து முதலில் 75-ஆகவும், பத்தாவது வருஷத்தில் 40-ஆகவும் இறங்க வேண்டும். ஒப்பந்தத்தினால் நமது துணிக்கும் தோல் சாமான்களுக்கும் பிரிட்டனில் வழி திறக்கிறது என்பது உண்மை. திருப்பூருக்கும் ஆம்பூருக்கும் அது நன்மையே. அதற்காக ஒப்பந்தத்தையே கிழித்தெறியச் சொல்லவில்லை. ஆனால் கொடுத்த விலை எது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? அளவில் பார்த்தால் உலகத்திலேயே அதிகமாக ஸ்காட்ச் வாங்கிய தேசம் 2024-ல் இந்தியாதான். அந்த ஒரு வருஷத்தில் 19 கோடி 20 லட்சம் புட்டிகளுக்குச் சமமான சரக்கு இங்கே வந்தது. இதில் பெரும்பகுதி புட்டியில் வரவில்லை. மொத்தமாக வந்து இங்கே அடைக்கப்படுகிறது, அல்லது நாட்டுச் சாராயத்தோடு கலக்கப்படுகிறது. யார் கலக்கிறார்கள்? 2007-ல் பெங்களூர் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் கம்பெனி ஸ்காட்லாந்தின் ஒயிட் அண்டு மக்கே கம்பெனியை 59 கோடி 50 லட்சம் பவுனுக்கு வாங்கியபோது, அடிமைப்பட்டவன் ஆண்டவனை விலைக்கு வாங்கிவிட்டான் என்று நமது நாட்டில் கொண்டாடினார்கள். 2014-ல் என்ன நடந்தது? ஒயிட் அண்டு மக்கே பிலிப்பைன்ஸ்காரர் கைக்குப் போயிற்று. பெங்களூர் கம்பெனியே டியாஜியோவின் பிடிக்குள் வந்தது. ஐலாவில் வடிப்பவரும், இங்கே கலப்பவரும், இரு பக்கமும் லாபம் எடுப்பவரும் ஒருவரே என்றால், வரிக் குறைவினால் யாருக்கு மகிழ்ச்சி என்பதைக் கேட்கத் தேவையில்லை.

நமது மாகாணத்தில் 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமானம் போய்விடுமே என்று அன்றும் அழுதார்கள். 1939-ல் விற்பனை வரி போட்டு அதை ஈடுசெய்ய வழிகண்டார். 1948-ல் மாகாணம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன; 1971-ல் திறக்கப்பட்டன. விற்பனை வரி போகவில்லை, சாராய வருமானமும் திரும்பி வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்து மதுவிலக்குக்கு முயலும்படி சர்க்காருக்குக் கட்டளையிடுகிறது. அந்த ஷரத்து இன்றும் அச்சில் இருக்கிறது.

சுங்கவரி டில்லியின் அதிகாரம், அதில் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் மதுவின் மீது கலால் விதிப்பதும், விலையை வகுப்பதும் ராஜ்ய சர்க்கார்களின் கையில் இருக்கின்றன. டில்லி குறைத்த அளவுக்குக் கடை விலை குறையாதபடி, ஸ்காட்லாந்துக்காரர்களைப் போலவே குறைந்தபட்ச விலை ஒன்றை எல்லா மதுவுக்கும், நாட்டுச் சரக்கென்றும் சீமைச் சரக்கென்றும் பேதமின்றி, ராஜ்ய சட்டசபைகள் விதிக்கலாம். புட்டிக்குள் தானியச் சாராயம் எவ்வளவு, பாகுச் சாராயம் எவ்வளவு, ஸ்காட்ச் எவ்வளவு என்று சீட்டில் அச்சிடவேண்டும் என்று சட்டம் செய்வதும் ஒரு நாள் வேலை. ஐலாவுக்குப் போகும் கனவான்களில் சட்டசபை அங்கத்தினர் யாரேனும் இருந்தால், ஆலையில் ருசி பார்க்கும் நேரத்தில் பாதியை எடின்பரோவில் செலவிட்டு, 2012-ம் வருஷத்துச் சட்டத்தின் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். இரண்டு லிட்டர் மதுவைத் தீர்வையின்றிக் கொண்டுவர நமது சுங்க இலாகா அனுமதிக்கிறது. சட்டப் பிரதிக்கு வரம்பே இல்லை.