புது லேப்டாப் வாங்கும் முன் யோசியுங்கள்!

திருப்பூரில் பனியனைத் தைப்பது தையல் எந்திரம். அதைக் கப்பலில் ஏற்றுவது லேப்டாப்!

ஆர்டர் வருவது அதில். அளவுப் பட்டியல் வருவது அதில். நூல் எத்தனை கிலோ, சாயம் என்ன நிறம், பெட்டி எத்தனை என்று எல்லாக் கணக்கும் அதில்தான். 2024-25ஆம் ஆண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அத்தனையும் இந்தச் சிறு பெட்டி வழியாகத்தான் போயிற்று.

இப்போது அந்தப் பெட்டியை மாற்றும் காலம் வந்திருக்கிறது.

என்ன காரணம்?

"விண்டோஸ் 10" என்பது பல லேப்டாப்களை இயக்கும் மென்பொருள். 2025 அக்டோபர் 14ந் தேதியோடு அதற்குக் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அடுத்து வந்த "விண்டோஸ் 11", 2017க்கு முந்திய பெரும்பாலான கம்ப்யூட்டர்களை ஏற்றுக்கொள்வதில்லை.

"ஓடுகிறவரை ஓடட்டும்" என்று சிலர் இருக்கிறார்கள். இது ஆபத்து. 2017 மே மாதம் நடந்ததை மறக்கக் கூடாது. "வான்னாக்ரை" என்ற திருட்டு மென்பொருள் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. திறந்துவிடப் பணம் கேட்டது. பெரும்பாலும் அகப்பட்டவை, பாதுகாப்பைப் புதுப்பிக்காத கம்ப்யூட்டர்களே!

ஆப்பிள் வாங்கலாமா?

வேறு சிலர் ஒரேயடியாக ஆப்பிளுக்குத் தாவுகிறார்கள். நல்ல கருவிதான். பாட்டரி நீண்ட நேரம் நிற்கும். ஆனால் 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறியது. அந்தச் சில்லு உள்ள லேப்டாப்பில், முன்போல் விண்டோசை நேரடியாக ஏற்ற முடியாது.

அதனால் என்ன? டாலி கணக்கு, விண்டோசுக்காக எழுதப்பட்டது. கட்டிங் அளவு வரையும் மென்பொருள்கள் பலவும் அப்படியே. சுற்றுவழிகள் உண்டு. அவற்றுக்குத் தனிச் செலவும் உண்டு.

மெயில் பார்க்கும் முதலாளிக்கு ஆப்பிள் போதும். கணக்கு எழுதும் பெண்ணுக்குப் போதுமா? கண்ணாடி மேஜைக்கு அழகு என்று வாங்கிவிட்டு, ஆண்டு முடிவில் கணக்கு நின்றுபோனால் யாருக்கு நஷ்டம்?

யாரைக் கேட்பது?

ஆகவே, கடைக்காரரைக் கேட்கும் முன் வேலை செய்கிறவரைக் கேளுங்கள். அவர் தினமும் தொடும் மென்பொருள்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி.க்குக் கையெழுத்துப் போடும் சிறு குச்சி, பில் அச்சிடும் பிரிண்டர், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் ஆகிய மூன்றும் புது லேப்டாப்பில் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பழையதை உடனே எறியவும் வேண்டாம். ஒரு மாதம் இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். கை பழகும்வரை வேலை சற்று மெதுவாகத்தான் நடக்கும். புது பிளாட்லாக் எந்திரம் வந்தால் தையல்காரருக்கு நாள் கொடுக்கிறோம். கணக்கெழுதும் பெண்ணுக்கும் மெர்ச்சண்டைசருக்கும் அதே நியாயம் வேண்டாமா? "படித்தவர்தானே, தானாகக் கற்றுக்கொள்வார்" என்று விட்டுவிட்டால், இரவு பத்து மணிவரை அவர்கள்தான் உட்கார்ந்து தவிக்கவேண்டும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழித்த ஊர் இது. வீண் செலவு கூடாது. வேண்டிய செலவைத் தள்ளிப்போடவும் கூடாது.

கடைசியில் மிஞ்சும் பழைய லேப்டாப்பை என்ன செய்வது? கம்பெனிக் கணக்குகளை முழுதும் அழியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்சை ஏற்றுங்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுங்கள். படிக்க உதவும்.

கத்தரி மாறலாம். துணி வீணாகக் கூடாது!