இரண்டாவது ஊசி எந்த வீட்டில்?

அண்மையில் புதுவை மேட்டுப்பாளையத்திற்குச் சங்கக் கணக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். (நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையமன்று, தொழிற்பேட்டை உள்ள மேட்டுப்பாளையம்.) அங்கு நெசவாள அங்கத்தினர் ஒருவர் தம் மருமகளைப் பற்றிக் கூறியது, அன்று பார்த்த பேரேடுகளைவிட ஆழமாக நம் மனத்தில் பதிந்துவிட்டது. அப்பெண் ஆறாம் மாதத்தில்தான் முதல் ஊசி போட்டுக்கொண்டாள். வளைகாப்பு முடிந்து, விழுப்புரம் பக்கத்திலுள்ள தாய்வீட்டிற்குச் சென்றாள். தாய்சேய் அட்டை இங்கே பெட்டிக்குள் தங்கிவிட்டது. இரண்டாவது ஊசியைப் பிறந்தகத்தார் போடுவிப்பர் என்று இவர்களும், புகுந்தகத்திலேயே போட்டாயிற்று என்று அவர்களும் எண்ணியிருந்தனர். குழந்தை நலமாகவே பிறந்தது. ஆயினும் அது தற்செயலேயன்றி வேறில்லை.

ரண ஜன்னி நம் நாட்டில் ஒழிந்துவிட்டதே, இன்னும் ஊசி எதற்கு என வினவுவோர் உளர். ஒரு காலத்தில் ஆண்டுதோறும் 1,50,000 முதல் 2,00,000 பச்சிளங்குழந்தைகள் வரை இந்தியாவில் இந்நோய்க்கு ஆளாயின. தொப்புள் புண் வழியே கிருமி புகும். சில நாட்களில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தும். உடல் வில்லாய் விறைக்கும். 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா இதனை அகற்றிவிட்டதென அறிவித்தது மெய்யே. அதன் பொருள், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாக நோய் தாழ்ந்தது என்பதேயாகும். கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் இன்றும் உள்ளன. வயலில் உழைப்போர் இதை நன்கு உணர்தல் வேண்டும். அம்மையைப் போல இது ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றுவதன்று. ஆதலால் அடுத்த வீட்டுப் பெண் போட்டுக்கொண்ட ஊசி நம் வீட்டுக் குழந்தையைக் காவாது.

தாய்க்கு இடும் ஊசியால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் நஞ்சுக்கொடி வழியே சேய்க்குச் செல்கிறது. நியூகினித் தீவில் நடந்த ஆராய்ச்சி 1961லேயே இதன் பயனை மெய்ப்பித்தது. கர்ப்பம் தெரிந்தவுடன் ஒன்று, நான்கு வாரம் கழித்து மற்றொன்று. பேறுகாலத்திற்கு இரண்டு வாரமேனும் முன்னதாக அது முடிந்திருத்தல் வேண்டும். இப்போது இடப்படும் டிடி ஊசி தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும். அரசு நிலையங்களில் இலவசம். கக்குவான் இருமலுக்கும் கர்ப்பிணிகளுக்கு ஊசியுண்டு. பிரிட்டனில் 2012 முதல் இடுகின்றனர். அதைப் பற்றி மருத்துவரைக் கேட்டறிக.

தார் சுற்றும் பெண்ணுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. இதை அறியாது அறிவுரை கூறுவது எளிது. ஊசி நாளுக்குரிய கூலியைப் பொதுநல நிதியிலிருந்து அளிக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். ஒரு பற்றுச்சீட்டுக்காக நான்கு முறை சங்கத்திற்கு நடக்கும் நம்மவர், தாய்வீட்டுக்குப் புறப்படும் பெண்ணின் பெட்டியில் அந்த அட்டையை வைக்க மறப்பானேன்? காரியதரிசியிடம் இதனை அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கூறி வந்துள்ளோம். மறு தணிக்கைக்குச் செல்லும்போது தீர்மானப் புத்தகத்தை முதலில் கேட்போம்.